மலையாளி: ஆளும் பெயர், ஆளப்பட்ட பெயர்

சித்தேரி மலையிலிருந்து இறங்கிக் கோவைக்கோ சென்னைக்கோ படிக்கப் போகிற பிள்ளைகளிடம் எப்படியும் ஒருநாள் யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்கள். சாதிச் சான்றிதழில் ‘மலையாளி’ என்றிருப்பதைப் பார்த்ததும் எதிரில் இருப்பவர் “கேரளாவா?” என்பார். “இல்லை, அரூர் பக்கம்” என்று பிள்ளை சொன்னால் அவர் ஒரு நொடி திகைப்பார். பிறகு அது பழங்குடியின் பெயர் என்பதையும், தன் தாய்மொழி தமிழ்தான் என்பதையும் அந்தப் பிள்ளை விளக்க வேண்டியிருக்கும். பிறந்த மண்ணிலேயே தன் பெயருக்கு உரை சொல்லிக்கொண்டு நிற்பது சிறிய சுமை அல்ல.

இத்தனைக்கும் தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் முதலிடம் இவர்களுக்குத்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலத்தின் பட்டியல் பழங்குடியினர் 7,94,697 பேர். அவர்களில் 3,57,980 பேர் மலையாளிகள். சேர்வராயன், கல்வராயன், சித்தேரி, கொல்லிமலை, பச்சைமலை, சவ்வாது, ஏலகிரி என்று கிழக்குத் தொடர்ச்சி மலையின் துண்டுகள் எங்கெல்லாம் சிதறிக் கிடக்கின்றனவோ அங்கெல்லாம் அவர்களும் இருக்கிறார்கள். சாமை விதைத்தும், கடுக்காயும் புளியும் தேனும் சேர்த்தும், காட்டோடு வாழ்ந்தவர்கள்.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, எந்தெந்தக் கைகளில் மாறி வந்தது, அரூருக்கு அருகில் சித்தேரி மலையின் அடிவாரத்தில் இருக்கும் வாச்சாத்தி என்ற சிற்றூரின் பெண்கள் அதற்கு என்ன பொருள் தந்தார்கள் என்பதைத் தேடுவதே இக்கட்டுரை. நெருக்கடியில் பெண்கள் தலைமையேற்பது எப்படி என்று தமிழில் யோசிப்பவர்கள் இந்தப் பெயரைக் கடந்து போக முடியாது.

முதற்பாதி: மலை

பெயரின் முதற்பாதியில் சிக்கல் இல்லை. ‘மலை’ எல்லாருக்கும் தெரிந்த சொல். அந்தச் சொல்லோடு யார் பெயரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள் என்று பார்த்தால்தான் சேதி தொடங்குகிறது.

சங்கப் பாடல்களில் குறிஞ்சி நிலத் தலைவனுக்கு வெற்பன், சிலம்பன், பொருப்பன், மலைநாடன் என்று பல பெயர்கள். வெற்பு, சிலம்பு, பொருப்பு எல்லாமே மலையைக் குறிப்பவை. மலை அவனுடையது என்று பெயரே சொல்லிவிடுகிறது. அதே மலையில் தினைப்புனம் காத்துக் கிளி ஓட்டிய பெண்ணின் பெயர் கொடிச்சி, அல்லது குறத்தி. அந்தப் பெயர்களில் மலைக்கு உரிமை சொல்லும் சொல் எதுவும் இல்லை. தென்பெண்ணைக் கரையில் திருக்கோவலூரை ஆண்டவன் மலையமான். தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்டவன் அதியமான். இவற்றின் ஈற்றில் வரும் ‘மான்’ என்பது ‘மகன்’ என்பதன் மருஉ. மலையன் மகன், அதியன் மகன் என்று ஆட்சி மகன் வழியாக இறங்குவதை இந்தப் பெயர்களே காட்டுகின்றன.

‘மலையாளி’ என்ற பெயரை எழுத்தில் விரிவாகப் பதிந்தவர்கள் ஆங்கிலேய அலுவலர்கள். தருமபுரி 1965 அக்டோபர் 2ஆம் நாள் தனி மாவட்டமாவதற்கு முன்பு இந்தப் பகுதி முழுவதும் சேலம் மாவட்டத்தில் இருந்தது. லெ ஃபானு 1883இல் வெளியிட்ட சேலம் மாவட்டக் கையேடும், எட்கர் தர்ஸ்டன் 1909இல் ரங்காச்சாரியின் துணையோடு வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ தொகுதிகளும் இம்மக்களைக் குறிப்பிடுகின்றன. மலையில் வாழ்பவர் என்பதே பெயரின் பொருள் என்று தர்ஸ்டன் எழுதினார். கூடவே இம்மக்களின் வாய்மொழி வரலாற்றையும் பதிவு செய்தார்.

அந்தக் கதை இன்றும் மலைகளில் வழங்குகிறது. காஞ்சிபுரத்திலிருந்து மூன்று சகோதரர்கள் புறப்பட்டு வந்தார்களாம். பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கும், நடுவண்ணன் பச்சைமலைக்கும், சின்னண்ணன் கொல்லிமலைக்கும் போனார்களாம். பெரிய மலையாளி, பச்சை மலையாளி, கொல்லி மலையாளி என்ற பிரிவுகள் அவர்கள் வழி வந்தவையாம். கதைப்படி இம்மக்கள் வெளியிலிருந்து மலைக்கு வந்தவர்கள். ஆனால் வந்தவர்களை ஏற்று, கூட வாழ்ந்து, வம்சத்தைத் தொடங்கிய பெண்களும் கதையில் உண்டு. சகோதரர்கள் மூவருக்கும் பெயர் இருக்கிறது. அந்தப் பெண்களுக்கு இன்ன குலத்தவள் என்ற குறிப்பு மட்டுமே இருக்கிறது. ஒரு பெரிய இனம் தன் தோற்றத்தைச் சொல்லும் கதையில் தாய்மார்கள் மூவரும் பெயரில்லாமல் நிற்கிறார்கள்.

இரண்டாம் பாதி: ஆள்

பெயரின் உயிர் இரண்டாம் பாதியில் இருக்கிறது. உழைப்பாளி, தொழிலாளி, கூட்டாளி, பங்காளி, படைப்பாளி என்ற சொற்களில் வரும் ‘ஆளி’தான் இதிலும் வருகிறது. வேர்ச்சொல் ‘ஆள்’. ஆளுதல், ஆட்சி, ஆளுகை, ஆளுமை எல்லாம் இதிலிருந்து பிறந்தவை. ஆள் என்பதோடு ‘சி’ சேரும்போது ளகரம் டகரமாகி ஆட்சி ஆகிறது. காண் என்பது காட்சி ஆவதைப் போன்ற மாற்றம் இது. மேற்கே கேரளத்தாரைக் குறிக்கும் மலையாளி என்ற பெயரும் இதே இரண்டு உறுப்புகளால் ஆனது. சோழர் கல்வெட்டுகள் அந்த நாட்டை மலைநாடு என்றே சொல்கின்றன. ஒரே அச்சில் வார்த்த இரண்டு பெயர்கள், இரண்டு மக்கள், இரண்டு வரலாறுகள். அதனால்தான் நம் பிள்ளைகள் இன்றும் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

‘ஆள்’ என்பதைப் போல இரண்டு எதிர்த்திசைகளில் ஓடிய சொல் தமிழில் அரிது. வினையாக நின்றால் அரசு செலுத்து, வைத்து நடத்து, பயன்கொள் என்று பொருள். பெயராக நின்றால் மனிதர் என்று பொருள். கூடவே வேலைக்காரர், அடிமை என்றும் பொருள். நாடாள்பவரும் இந்தச் சொல்லுக்குள் இருக்கிறார். பண்ணையாளும் இதற்குள்தான் இருக்கிறார். ‘கையாள்’ என்பதை வினையாகச் சொன்னால் திறமையோடு செயல்படுத்துவது. பெயராகச் சொன்னால் இன்னொருவர் ஏவியதைச் செய்பவர். சோழர் காலத்தில் மனிதரை விற்று எழுதிய பத்திரத்துக்கு ‘ஆள்விலைப் பிரமாண இசைவுத் தீட்டு’ என்று பெயர். ‘ஆள்’ அங்கே விலைப்பொருள்.

பெண்பால் வடிவத்திலும் இதே இரட்டைத்தன்மை. ஆள் என்பதோடு ‘தி’ சேர்ந்தால் ஆட்டி. மணவாளன், மணவாட்டி. மூதாளன், மூதாட்டி. பெண்டாட்டி என்ற சொல்லின் உள்ளேயும் இந்த ஆட்டி இருக்கிறாள். வீட்டை ஆள்பவளுக்குப் பழைய பெயர் இல்லாள். ஆனால் வெள்ளாளன் என்பதன் பெண்பாலாகப் பிறந்த வெள்ளாட்டி என்ற சொல், காலப்போக்கில் பணிப்பெண், அடிமைப்பெண் என்ற பொருளுக்கு இறங்கிவிட்டது. ஆணுக்கான சொல் நிலவுடைமையோடு மேலே நிற்க, பெண்ணுக்கான சொல் அடுப்படிக்கும் தொழுவத்துக்கும் போயிற்று. மலையாளி என்பதற்கு இலக்கணப்படி ‘மலையாட்டி’ என்று பெண்பால் வந்திருக்கலாம். வழக்கில் வரவில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான பெயராகவே அது நின்றுவிட்டது.

‘ஆள்’ என்ற சொல்லை வைத்தே நடந்த ஒரு வழக்கு தமிழில் பெயர்பெற்றது. அரூருக்கு வடக்கே அனுமன்தீர்த்தத்தைத் தொட்டுப் போகும் தென்பெண்ணை, கீழே இறங்கித் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் போகிறது. அந்த ஊர்ச் சபையில்தான் சுந்தரரைத் தன் அடிமை என்று முதியவர் ஒருவர் வழக்காடியதாகப் பெரியபுராணம் சொல்கிறது. அவர் கொண்டுவந்தது ஆளோலை. சபையார் அவரிடம் மூன்று வகைச் சான்றுகளில் ஒன்றைக் கேட்கிறார்கள். ஆட்சி, அதாவது தொன்றுதொட்ட அனுபவ உரிமை. ஆவணம், அதாவது எழுத்து. காட்சி, அதாவது அயலார் கண்டு சொல்வது. நிலமானாலும் ஆளானாலும் உரிமையை நிறுவத் தமிழ்ச் சமூகம் வகுத்திருந்த வழிகள் இவை மூன்றும்.

இந்த மூன்றையும் மலையில் வைத்துப் பார்க்கலாம். மலையாளிகளிடம் ஆட்சி இருந்தது. காடு திருத்தி விதைத்தது, தேன் எடுத்தது, ஆடு மேய்த்தது எல்லாம் தலைமுறைகளின் அனுபவ உரிமை. ஆவணம் இல்லை. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காடுகளைக் காப்புக்காடுகளாக அறிவிக்கத் தொடங்கியபோது எழுத்தில் இருந்ததே செல்லுபடியானது. மலையை ஆண்டவர்கள் அதே மலையில் கூலிக்கு மரம் வெட்டும் ஆட்கள் ஆனார்கள். பெயர் மாறவில்லை. அதன் உட்பொருள் ஒரு முகத்திலிருந்து மறுமுகத்துக்குத் திரும்பிவிட்டது.

விடுதலைக்குப் பிறகு பழங்குடிப் பட்டியலில் இந்தப் பெயர் ஏறியது. அதிலும் தனியாக ஏறவில்லை. மலையாளி என்று எழுதி, அருகில் தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி என்று மாவட்டங்களை வரையறுத்தார்கள். அந்த வரையறைக்கு வெளியே ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலையில் வாழும் அதே மக்கள் பழங்குடிச் சான்றிதழ் கேட்டு நெடுங்காலமாக நடந்துகொண்டிருக்கிறார்கள். ஒரே பெயர் ஒரு மலையில் உரிமையாகிறது. அடுத்த மலையில் வெறும் சொல்லாக நிற்கிறது.

1992 ஜூன் 20

சித்தேரி என்ற பெயரைச் சொல்லிப் பார்த்தால் சிற்றேரி என்பது காதில் விழும். காற்று காத்தாவதைப் போலச் சிற்றேரி சித்தேரி ஆவது நம் பேச்சின் இயல்பு. அந்த மலையின் காலடியில் இருக்கும் வாச்சாத்தியின் துயரத்திலும் ஓர் ஏரிக்கரை உண்டு.

வீரப்பன் தேடுதல் வேட்டையும் சந்தனக் கடத்தல் ஒழிப்பும் நடந்துகொண்டிருந்த காலம். 1992 ஜூன் 20ஆம் நாள் வனத்துறையினர் 155 பேர், காவல்துறையினர் 108 பேர், வருவாய்த்துறையினர் 6 பேர் ஊருக்குள் புகுந்தார்கள். சந்தனக்கட்டை பதுக்கியிருக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. ஆண்களில் பெரும்பாலோர் பயந்து மலைக்கு ஓடிவிட்டிருந்தார்கள். பெண்களும் முதியவர்களும் பிள்ளைகளுமே ஊரில் மிஞ்சினார்கள். அவர்களை ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள். பதுக்கிய கட்டையைக் காட்டச் சொல்லி 18 பெண்களை ஏரிப் பக்கம் கொண்டுபோனார்கள். அவர்களைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினார்கள். பள்ளி செல்லும் வயதுச் சிறுமியும் அவர்களில் இருந்தாள்.

பிறகு ஊராரை அரூர் வனச்சரக அலுவலகத்தில் அடைத்து வைத்து, அங்கிருந்து சேலம் சிறைக்கு அனுப்பினார்கள். சிறை சென்றவர்களில் பெண்கள் 90 பேர், குழந்தைகள் 28 பேர், ஆண்கள் 15 பேர். ஊரில் வீடுகளை உடைத்தார்கள், தானியத்தைச் சூறையாடினார்கள், கிணறுகளைப் பாழாக்கினார்கள்.

‘ஆளாக்கினார்கள்’ என்று மேலே எழுதியபோது அந்தச் சொல்லும் என்னை நிறுத்தியது. பிள்ளையை வளர்த்துப் பெரியவராக்குவதை ‘ஆளாக்கினாள்’ என்கிறோம். கொடுமைக்கு இலக்காக்குவதையும் ‘ஆளாக்கினார்கள்’ என்கிறோம். அந்த நாளில் வாச்சாத்தியில் இரண்டாம் பொருள் மட்டுமே இருந்தது.

வந்தவர்கள் அரசின் ஆட்கள். மாவட்டத்தின் தலைமை அலுவலரை நாம் மாவட்ட ஆட்சியர் என்கிறோம். ஆட்சியர், மலையாளி ஆகிய இரண்டு சொற்களுக்கும் வேர் ஒன்றே. ஆனால் ஒரு சொல்லுக்குரியவரிடம் ஆவணமும் படையும் சிறையும் இருந்தன. மறு சொல்லுக்குரியவரிடம் எதுவும் இல்லை. புகார் வந்தபோது அரசுத் தரப்பு அப்படி எதுவும் நடக்கவில்லை என்று மறுத்தது. கைதானவர்கள் மீது வழக்குகள் இருந்தன, கோப்புகள் இருந்தன. பெரியபுராணச் சபை கேட்ட மூன்றில் ஆட்சியும் ஆவணமும் அரசின் பக்கம் போய்விட்டன. பெண்களிடம் மிஞ்சியது காட்சி ஒன்றுதான்: தாங்கள் கண்டதும் பட்டதும்.

கரி, சான்று, சாட்சி

சாட்சி என்ற சொல் ஆட்சி என்பதோடு ஓசையில் இயைந்தாலும் பிறப்பில் வேறு. வடமொழி ‘சாக்ஷி’யிலிருந்து வந்தது அது. கண்ணோடு தொடர்புடைய சொல், கண்ணால் கண்டவர் என்று பொருள். தமிழின் பழஞ்சொல் ‘கரி’. திருக்குறளில் சான்று என்ற பொருளில் இச்சொல் வருகிறது. கண்டதைப் பிறர் முன் நின்று சொல்பவருக்கு மொழியில் மூன்று சொற்கள் இருந்தும், வாச்சாத்திப் பெண்களுக்கு அந்தப் பேச்சைத் தொடங்குவது எளிதாக இருந்திருக்காது. பாலியல் கொடுமை பற்றிப் பெண் வாய் திறந்தால் பழி அவள் மீதே விழும் சமூகம் நம்முடையது. இந்த வழக்கில் அவர்கள் குற்றம் சொல்ல வேண்டியிருந்தது சீருடை அணிந்தவர்கள் மீது.

அவர்கள் சொன்னார்கள். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தின் பெ. சண்முகமும் தோழர்களும் ஊருக்குள் வந்தபோது சொன்னார்கள். அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கத்தின் தலைவர்களில் ஒருவரான மைதிலி சிவராமன் வாக்குமூலங்களைத் திரட்டியபோது சொன்னார்கள். வெண்மணிப் படுகொலையை உலகறிய எழுதிய அதே மைதிலிதான் இங்கும் வந்தார். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் தேசிய ஆணையத்தின் தென்மண்டல இயக்குநராக இருந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி பாமதி விசாரிக்க வந்தபோதும் சொன்னார்கள். அரசே மறுத்துக்கொண்டிருந்த நேரத்தில், அரசுப் பணியில் இருந்த பெண் ஒருவர் அவர்கள் சொன்னதைக் கேட்டு, நடந்தது உண்மை என்று அறிக்கை எழுதினார். மலைக்கிராமத்துப் பெண், நகரத்து இயக்கப் பெண், பதவியில் இருந்த பெண் ஆகிய மூவகைப் பெண்களின் துணிவு ஓரிடத்தில் கூடியபோதுதான் வாச்சாத்தியின் உண்மை வெளியே நின்றது.

மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளர் அ. நல்லசிவன் நீதிமன்றத்தை நாடினார். 1995 பிப்ரவரி 24ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் மத்தியப் புலனாய்வுத் துறையிடம் விசாரணையை ஒப்படைத்தது. 1996இல் 269 பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது. அதன் பிறகுதான் நீண்ட நடை தொடங்கியது. வழக்கு கோவை, கிருஷ்ணகிரி, தருமபுரி என்று நீதிமன்றங்கள் மாறியது. அடையாள அணிவகுப்பில் பெண்கள் அந்த முகங்களின் முன் நின்று இவர்தான் என்று கைகாட்டினார்கள். கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணைக்கு விடை சொன்னார்கள். இதற்கிடையே உடைந்த வீடுகளைக் கட்டினார்கள், பிள்ளைகளை வளர்த்தார்கள், கூலிக்குப் போனார்கள். வாய்தா நாளில் மீண்டும் பேருந்து ஏறினார்கள்.

2011 செப்டம்பர் 29ஆம் நாள் தருமபுரி மாவட்ட முதன்மை அமர்வு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்திருந்தார்கள். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள். வனத்துறையினர் 126 பேர், காவல்துறையினர் 84 பேர், வருவாய்த்துறையினர் 5 பேர். இந்திய வனப் பணி அதிகாரிகள் நால்வரும் இவர்களில் அடக்கம். பாலியல் வன்கொடுமைக் குற்றத்துக்காக 17 பேருக்குத் தண்டனை. 12 பேருக்குப் பத்தாண்டுச் சிறை, 5 பேருக்கு ஏழாண்டுச் சிறை. ஒரு வழக்கில் குற்றம் சாட்டப்பட்டு உயிரோடிருந்த அரசு ஊழியர் அனைவருமே தண்டனை பெற்றது இந்திய நீதித்துறை வரலாற்றில் அரிய நிகழ்வு.

மேல்முறையீடுகள் நடந்தன. நீதியரசர் பி. வேல்முருகன் 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கே நேரில் வந்து இடங்களைப் பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் எல்லா மேல்முறையீடுகளையும் தள்ளுபடி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்களின் சாட்சியம் உறுதியானது, நம்பத்தக்கது என்று ஏற்றார். உண்மையான கடத்தல்காரர்களையும் பெரும்புள்ளிகளையும் காப்பாற்றவே அப்பாவிப் பழங்குடிகள் மீது இந்த நடவடிக்கை ஏவப்பட்டது என்றும் சொன்னார். 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும், அரசு வேலையோ சுயதொழிலோ அளிக்க வேண்டும் என்று ஆணையிட்டார். அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீது நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டார்.

31 ஆண்டுகளுக்குப் பிறகு ‘மலையாளி’ சொன்ன சொல்லுக்கு ‘ஆட்சியர்’ விடை சொல்ல வேண்டிய நிலை வந்தது. ஒரு வேரின் இரண்டு கிளைகளும் சட்டத்தின் முன் ஒரே மட்டத்தில் நின்ற நாள் அது.

பெயர் சூட்டிக்கொண்டவர்களும் சூட்டிக்கொள்ளாதவர்களும்

உலகின் பல மூலைகளில் இதுபோன்ற பெண்கள் தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். மணிப்பூரில் இரவுக்காவல் நின்ற பெண்கள் ‘மெய்ரா பைபி’. மெய்தெய் மொழியில் தீவட்டி ஏந்தியவர்கள் என்று பொருள். அர்ஜென்டினாவில் இராணுவ ஆட்சி பிடித்துச் சென்ற பிள்ளைகளைத் தேடி 1977 ஏப்ரலில் பியூனஸ் அயர்ஸ் நகரின் மாயோ சதுக்கத்தில் கூடியவர்கள் ‘மாயோ சதுக்கத்தின் அன்னையர்’ ஆனார்கள். யாழ்ப்பாணத்தில் 1984இல், கைதான இளைஞர்களுக்காகத் தெருவில் இறங்கியவர்கள் ‘அன்னையர் முன்னணி’ என்று திரண்டார்கள். இமயமலையின் ரேணி கிராமத்தில் 1974 மார்ச் 26ஆம் நாள், ஆண்கள் ஊரில் இல்லாத நேரத்தில் மரம் வெட்ட வந்தவர்களை கௌரா தேவியும் மற்றப் பெண்களும் தடுத்து நின்றார்கள். அந்த இயக்கத்தின் பெயரான ‘சிப்கோ’வுக்கு ஒட்டிக்கொள் என்று பொருள்.

ரேணியிலும் வாச்சாத்தியிலும் காட்டு மரங்கள்தான் காரணம். இரண்டு ஊர்களிலும் ஆண்கள் பெரும்பாலும் இல்லாத நேரம் அது. எல்லா இடங்களிலும் பெண்கள் தலைமைக்கு வந்தது, தலைமை என்று பெயர்பெற்ற எல்லாம் அங்கே இல்லாமல் போனதாலோ எதிராக நின்றதாலோதான்.

வாச்சாத்திப் பெண்கள் தங்களுக்குத் தனிப்பெயர் எதையும் சூட்டிக்கொள்ளவில்லை. சட்டம் அவர்கள் பெயரை மறைத்தது. அது அவர்களைக் காக்கும் மறைப்பு, இருந்தே ஆக வேண்டியது. ஆனால் அதன் விளைவாகத் தோற்றக் கதையின் தாய்மார்களைப் போலவே இவர்களும் பெயரின்றி வரலாற்றில் நிற்கிறார்கள். ஊரின் பெயர்தான் அவர்களுக்குப் பெயராயிற்று. இன்று தமிழ்நாட்டில் ‘வாச்சாத்தி’ என்றால் ஒரு கிராமம் என்பதோடு நிற்பதில்லை. அரசின் வன்முறை என்று ஒரு பொருள், அதை எதிர்த்து வென்ற வழக்கு என்று ஒரு பொருள். முப்பது ஆண்டுகளில் ஓர் ஊர்ப்பெயர் சட்டத்துறையிலும் அரசியலிலும் பொதுச்சொல்லாகிவிட்டது. அந்தப் பொருள்மாற்றத்தைச் செய்தவர்கள் அந்தப் பெண்கள்.

தலைவி என்ற சொல்

‘தலைவி’ என்பது அகப்பாடல்களில் காத்திருப்பவள். தலைவன் வருவான் என்று எதிர்நோக்கி நிற்பவள். பொதுவாழ்வில் முன்னின்று நடத்துபவள் என்ற பொருளை இந்தச் சொல் பின்னாளில்தான் பெற்றது. ஆனால் அந்தச் செயல் புதிதல்ல. இதே தகடூர் மண்ணில், அதியமான் நெடுமான் அஞ்சிக்கும் தொண்டைமானுக்கும் போர் மூளும் நிலை வந்தபோது தூது போனவர் ஔவையார். புறநானூற்றில் அந்தத் தூது பதிவாகியிருக்கிறது. படைக்கலக் கொட்டிலில் எதிரியின் முன் நின்று தன் பக்கத்து உண்மையைச் சொன்ன பெண் அவர். ‘அவ்வை’ என்றால் தாய், மூத்தவள். அது முறைப்பெயர். பதவிப்பெயர் ஆகவில்லை.

பதவிப்பெயர்கள் பெண்களுக்கு வந்தது மிகவும் பிந்தி. வாச்சாத்தி நடந்த அதே 1992ஆம் ஆண்டின் டிசம்பரில்தான் நாடாளுமன்றம் 73ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. 1993 ஏப்ரல் 24 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு உறுதியாயிற்று. 2016இல் தமிழ்நாடு அதைப் பாதியாக உயர்த்தியது. ஊராட்சி என்பது ஊர், ஆட்சி என்ற இரண்டு சொற்களின் கூட்டு. ‘ஆள்’ என்ற வேரின் உயர்ந்த பொருள் சட்டத்தின் வழியாகப் பெண்களிடம் வந்த வழி இது. நல்ல வழி, தேவையான வழி. இன்னும் அகலமாக வேண்டிய வழி.

வாச்சாத்திப் பெண்கள் அந்தப் பொருளை வேறு வழியில் எடுத்துக்கொண்டார்கள். அவர்களிடம் நாற்காலி இல்லை, முத்திரை இல்லை, கையெழுத்து அதிகாரம் இல்லை. இருந்தும் ‘ஆள்’ என்ற வினையின் பழைய பொருள்கள் ஒவ்வொன்றையும் அவர்கள் செய்து காட்டினார்கள். சிதைந்த குடும்பங்களை வைத்து நடத்தினார்கள். சட்டம் என்ற அந்நியக் கருவியைக் கையாளக் கற்றார்கள். பயத்தையும் அவமானத்தையும் ஆண்டார்கள். நெருக்கடியில் தலைமை என்பதை முடிவெடுக்கும் வேகம், மேடைப் பேச்சு, கட்டளை என்றெல்லாம் மேலாண்மை நூல்கள் விளக்குகின்றன. வாச்சாத்தி சொல்லும் விளக்கம் வேறு. சொன்ன சொல்லை மாற்றாமல் நிற்பது, ஒருத்தி தளரும்போது மற்றவள் நிற்பது, நிற்கும் இடத்தைப் பிறர் வந்து சேரும் இடமாக ஆக்குவது. நகரத்து வழக்கறிஞர்களும் இயக்கங்களும் அதிகாரிகளும் பின்னால் வந்து சேர்ந்தது அந்த நிலைகுலையாமையை நம்பித்தான். துணை நின்றவர்களின் உழைப்பு பெரியது. ஆனால் 18 பெண்களில் ஒருவருக்குப் பின் ஒருவர் வாக்கு மாறியிருந்தால் எந்தத் துணையாலும் அந்த வழக்கு நின்றிருக்காது.

இதை உருக்கமான கதையாக மட்டும் சொல்லிக் கடந்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன். அவர்களின் பொறுமையைப் புகழ்வது, 31 ஆண்டுகள் காக்க வைத்த அமைப்பை மன்னிப்பதாக ஆகிவிடக் கூடாது. தீர்ப்பைப் பார்க்காமலே இறந்தவர்கள் ஊரில் உண்டு. சேலம் சிறைக்குத் தாயின் இடுப்பில் போன குழந்தைகள் முப்பது வயதைக் கடந்துவிட்டார்கள். அத்தனை உறுதியை ஒரு நாடு தன் ஏழைப் பெண்களிடம் மறுபடியும் கேட்கக் கூடாது.

இனி இந்தப் பெயர்

சொல்லின் பொருளை அகராதி எழுதுகிறவர்கள் உண்டாக்குவதில்லை. அந்தச் சொல்லைச் சுமந்து வாழ்கிறவர்களே உண்டாக்குகிறார்கள். மலையாளி என்ற பெயருக்கு மலையில் வாழ்பவர் என்று ஆங்கிலேய அலுவலர் எழுதியது ஒரு பொருள். பட்டியலில் அரசு எழுதியது ஒரு பொருள். வனக்காவலர் கூலிக்கு அழைத்தபோது இருந்தது இன்னொரு பொருள். வாச்சாத்திப் பெண்கள் கூண்டில் நின்று பெயர், ஊர், இனம் சொல்லிவிட்டு நடந்ததைச் சொல்லத் தொடங்கியபோது, அந்தப் பெயரில் உறங்கிக் கிடந்த ஆளுகை விழித்தது. தோற்றக் கதையில் பெயரின்றிப் போன மூன்று தாய்மாருக்கும் சேர்த்து அவர்கள் அதை மீட்டார்கள்.

ஆகவே அரூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் அதியமானையும் ஔவையையும் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள், வாச்சாத்தி வழக்கையும் வயதுக்கேற்பச் சொல்லிக்கொடுக்க வேண்டும். உயர் நீதிமன்றம் ஆணையிட்ட வேலையும் வாழ்வாதாரமும் கடைசிப் பெண் வரை சேர்ந்தனவா என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பர்கூர் மலையின் மலையாளிக்கும் அந்தப் பெயரின் உரிமை கிடைக்க வேண்டும். நாளை ‘மலையாளி’ என்ற சொல்லுக்குத் தமிழில் விளக்கம் எழுதுபவர், கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் வாழும் தமிழ்ப் பழங்குடி என்று எழுதிவிட்டு இன்னொரு வரியும் சேர்க்கட்டும்: அரசு பொய் சொன்னபோது உண்மையைச் சொல்லி, அதை நாடு ஏற்கச் செய்த பெண்களின் இனம்.